சட்டைப் பையில் ஒரு விலாசம்

சுவர்க் கடிகாரத்துக்கு ரசீது கேட்டால்
படிக்கம் என்று அச்சடித்தது
நான் எழுதிய மொழி.
இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.
பெட்டியடியில் சாத்தையா சிரிக்கவில்லை.
தேவகோட்டையிலிருந்து வந்தவர்
கடிகாரம் வாங்க வந்த இடத்தில்
கைபேசியில் மணி பார்த்தார்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு,
யாருடையதென்று தெரியாத கல்யாண போட்டோக்கள்.
இவற்றின் இருப்புக் கணக்குக்காக
ஒரு மொழியே செய்தேன்.
இருக்கிற மொழிகள் போதாதா என்பவர்களுக்கு
இன்னும் என்னிடம் நல்ல பதிலில்லை.

மேலே தமிழ், தள்ளுபடி, ஐந்தொகை.
அடியில் சி.
சி-க்குக் கடிகாரம் தெரியாது.
நீளமாய் ஒரு தரை தெரியும்,
வாசலிலிருந்து எத்தனை பைட் தள்ளி
என்று கேட்டால் போகத் தெரியும்.
போன இடத்தில் யார் இருக்கிறார்கள்
என்று அது கேட்காது.

ஒரு சாமானை அங்கே வைப்பது இப்படி.
முதல் எட்டு பைட் முகப்பு:
என்ன வகை, எவ்வளவு நீளம்.
அடுத்த எட்டில் விலை.
அதற்கடுத்த எட்டில் பெயர் இருக்காது,
பெயர் குடியிருக்கும் விலாசம் இருக்கும்.
விற்றாயிற்றா என்பதற்கு ஒரு பைட் போதும்;
ஆனால் அடுத்த கட்டு
எட்டின் மடங்கில்தான் தொடங்க வேண்டும்,
ஆகவே ஏழு பைட் ஆளில்லாமல் கிடக்கும்.
எண்பது அறை வீட்டில்
இரண்டு பேர் வசிக்கும் இந்தப் பக்கத்தில்
இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் எட்டில் தொடங்குவதால்
எந்த விலாசத்திலும் கடைசி மூன்று பிட் பூஜ்யம்.
சும்மா கிடக்கும் பூஜ்யம்
இந்த ஊர்க்காரியை உறுத்தும்.
கடைசிப் பிட்டை எடுத்துக்கொண்டேன்.
அங்கே ஒன்று இருந்தால்
இது விலாசமே இல்லை, எண்.
எண்ணுக்குத் தனி வீடு வேண்டாம்,
விலாசம் எழுதும் சீட்டிலேயே படுத்துக்கொள்ளும்.
ஏழு உள்ளே பதினைந்தாய்த் தூங்கும்.
எழுப்பும்போது வலப்பக்கமாய் ஒரு தட்டு:
மறுபடி ஏழு.

இதுவரை பிழையில்லை. பிழை பெருக்குவதில்.

இடம் நிறைந்ததும்
வேண்டாததைக் கழித்து
மிச்சத்தை ஒரு பக்கமாய் நெருக்கித் தள்ளுவேன்.
நகர்ந்தவற்றின் புது விலாசத்தைப்
பேரேட்டில் உள்ள எல்லாருக்கும் திருத்துவேன்.
கடையிலும் அதுதான் நடக்கும்,
திங்கள் இரவுகளில், வெள்ளைக்கண்ணு கையால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
கடிகாரத்தை எடுத்து வரச் சொன்னார்கள்.
வெள்ளைக்கண்ணு பேரேட்டைப் பார்க்கவில்லை.
சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது,
ஞாயிறன்று எழுதியது:
மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு.
போனார். எடுத்து வந்தார்.
படிக்கத்தை இல்லை,
அவ்வளவு பொருத்தம் உலகத்தில் கிடையாது.
ஒரு ரவைச் சல்லடையை.

நான் சல்லடையைப் பார்த்தேன்.
அதன் ஓட்டைகளைப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் போனேன்.

அங்கே கடிகாரத்தின் விலாசத்தை
ஒரு சின்ன மாறியில், சட்டைப் பையில் போல, வாங்கி வைத்து,
ரசீதுக்குப் புதுச் சரம் கேட்டிருக்கிறேன்.
கேட்ட நேரத்தில் இடமில்லை.
பெருக்கல் நடந்திருக்கிறது.
கடிகாரம் நகர்ந்தது, பேரேடு திருந்தியது,
பையில் இருப்பதை யாரும் தொடவில்லை.
பழைய இடத்தில் படிக்கம் வந்து உட்கார்ந்தது.
விலாசம் பொய் சொல்லவில்லை,
ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னது.

ஒரு வரி சேர்த்தேன்:
பையில் இருப்பதையும் பேரேட்டில் எழுது.
அச்சுப்பொறி முக்கி முனகி ரசீதைத் துப்பியது.

சுவர்க் கடிகாரம்.
சரி.
விலை சரி.
எண்ணிக்கை: மூன்று.

ஒண்ணுதானேம்மா எடுத்தேன் என்றார் தேவகோட்டைக்காரர்.
மூன்றுக்கும் காசு வாங்கிவிடலாமா
என்பதுபோல் சாத்தையா என்னைப் பார்த்தார்.

ஒன்று, உள்ளே மூன்றாய்த் தூங்குகிறது.
எங்கோ ஒரு தட்டுத் தட்ட
மறந்திருக்கிறேன்.